விளையும் பயிர் முளையில் தெரியுமா?
இளம் குவார்ட்டர்பேக்குகளைக் கணிப்பதும் வளர்ப்பதும்

கல்லூரி மைதானத்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு பையன் தொழில்முறை ஆட்டத்திலும் தேறுவானா? அமெரிக்கக் கால்பந்து உலகம் அரை நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறது. என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீக்கின் 32 அணிகளும் ஒவ்வோர் ஏப்ரலிலும் கல்லூரி வீரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. 'டிராஃப்ட்' என்ற இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமான ஐ.பி.எல். ஏலம் போன்றதல்ல, பணத்தைக் கொட்டி யாரையும் தூக்கிவிட முடியாது. அருமையான அந்த முதல் வாய்ப்பை அணிகள் பெரும்பாலும் குவார்ட்டர்பேக் என்ற ஓரிடத்துக்கே செலவிடுகின்றன. பந்தைக் கையில் வாங்கியதும், எதிரணித் தடுப்பாளர்கள் பாய்ந்து வரும் மூன்று விநாடிக்குள், அதை யாரிடம் எறிவது என்று முடிவெடுப்பவர் அவர்.

1998 டிராஃப்டை இந்த விவாதத்தின் தொடக்கப்பாடமாகச் சொல்வார்கள். முதலிடத்தில் பெய்டன் மானிங், இரண்டாமிடத்தில் ரையன் லீஃப். இருவரில் யார் மேல் என்று நிபுணர்கள் அன்று உண்மையாகவே பிளவுபட்டிருந்தார்கள். லீஃப் முதல் பருவத்தில் 2 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்து 15 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார். அவருடைய ஆட்டவாழ்வு சில ஆண்டுகளில் முடிந்தது. மானிங் லீக்கின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரானார். ஆனால் அதே முதல் பருவத்தில் மானிங் 28 முறை பந்தைப் பறிகொடுத்தார் என்பதையும், அது இன்றுவரை புதுவரவு வீரர் ஒருவரின் மோசமான சாதனையாக நிற்கிறது என்பதையும் கதை சொல்பவர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். அவருடைய இண்டியானாபொலிஸ் அணி அந்த ஆண்டு 16 ஆட்டங்களில் 13-இல் தோற்றது. அந்த டிசம்பரில் தீர்ப்பு எழுதச் சொல்லியிருந்தால் இருவர் பெயரையும் ஒரே பத்தியில் எழுதியிருப்பார்கள்.

கண்ணை நம்பியவர்கள்

பழைய பதில் எளிமையானது: அனுபவப்பட்ட கண்ணுக்குத் தெரியும். அணிகளின் தேர்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று பார்க்கிறார்கள். ஒளிப்பதிவுகளை மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் 'காம்பைன்' முகாமில் உயரம், எடை, உள்ளங்கை அகலம், 40 கெஜ ஓட்டம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். வெகுகாலம் 'வொண்டர்லிக்' என்ற 12 நிமிடம், 50 கேள்வி கொண்ட அறிவுத்தேர்வும் இருந்தது. 2022-இல் லீக் அதைக் கைவிட்டது.

இந்தக் கட்சிக்கு ஒரு வலுவான சான்று 1983. அந்த ஆண்டு முதல் சுற்றில் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். ஜான் எல்வே, ஜிம் கெல்லி, டான் மரீனோ மூவரும் பின்னாளில் புகழ் மண்டபத்துக்குப் போனார்கள். ஆனால் அந்தச் சான்றுக்குள்ளேயே ஓட்டையும் இருக்கிறது. ஆறு பேரில் கடைசியாக, 27-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர்தான் மரீனோ. இரண்டாவது பருவத்திலேயே 48 டச்டவுன் எறிந்து அதுவரை இருந்த சாதனைகளைத் தூக்கியடித்தார். 1999-இல் முதல் 12 தேர்வுகளில் ஐந்து பேர் குவார்ட்டர்பேக்குகள். அவர்களில் டானவன் மெக்நாபும் டான்டே கல்பெப்பரும் மட்டுமே நிலைத்தார்கள். அடுத்த ஆண்டு 40 கெஜத்தை 5.28 விநாடியில், அதாவது நத்தை வேகத்தில், ஓடிய டாம் பிரேடி 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் பிரேடி வென்ற கோப்பைகள் ஏழு.

கண்ணின் குறை தவறுவது மட்டுமன்று, ஒரே திசையில் தவறுவதும்தான். ஆறடி இரண்டங்குலத்துக்குக் குறைந்தவரால் முன்வரிசைக்கு மேலே பார்க்க முடியாது என்ற நம்பிக்கை டிரூ பிரீஸை 2001-இல் இரண்டாம் சுற்றுக்கும், ரஸல் வில்சனை 2012-இல் மூன்றாம் சுற்றுக்கும் தள்ளியது. நிறம் இதைவிடக் கொடிய கண்ணாடி. கறுப்பின இளைஞர்களுக்கு இந்த இடத்துக்குத் தேவையான 'சிந்தனை' போதாது என்ற எண்ணம் பல தலைமுறைகளுக்கு வெளிப்படையாகவே நடமாடியது. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். 1978-இல் வாரன் மூனை ஒரு அணியும் எடுக்கவில்லை. அவர் கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து கோப்பைகளை வென்றுவிட்டுத்தான் 1984-இல் என்.எஃப்.எல்.லுக்குள் வந்தார். 2006-இல் புகழ் மண்டபத்தில் நுழைந்த முதல் கறுப்பின நவீனகால குவார்ட்டர்பேக் அவரே. 2018-இல்கூட, கல்லூரி ஆட்டத்தின் உயரிய விருதான ஹெய்ஸ்மனை வென்றிருந்த லமார் ஜாக்சனைப் பந்து பிடிப்பவராக மாறச் சொன்னார் பில் போலியன். லீஃபை விட்டு மானிங்கைத் தேர்ந்த அதே நிர்வாகி! ஜாக்சன் மறு ஆண்டே ஒருமனதாக லீக்கின் மிகச்சிறந்த வீரரானார். போலியன் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். சரியாகக் கணித்த கண்ணும் பிழையாகக் கணித்த கண்ணும் ஒருவருடையதாகவே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எண்ணை நம்பியவர்கள்

2000-களில் புள்ளியியல் கட்சி தலையெடுத்தது. அதன் தொடக்கப் பங்களிப்புகளில் டேவிட் லூவின் முன்வைத்த கணிப்பு முறை குறிப்பிடத்தக்கது. தோள் வலிமையையும் உயரத்தையும் ஒதுக்கிவிட்டு அவர் இரண்டே எண்களைப் பார்த்தார்: கல்லூரியில் தொடக்க வீரராக எத்தனை ஆட்டம் ஆடினார், எறிந்தவற்றில் எத்தனை சதவீதம் சேரவேண்டியவர் கையில் சேர்ந்தன. அதிக ஆட்டம் ஆடியவரைப் பற்றித் தேர்வாளர்களுக்கு அதிகம் தெரியும். ஆகவே அவர் அப்படியும் முதல் இரண்டு சுற்றுகளில் எடுக்கப்பட்டால் அந்தத் தேர்வை நம்பலாம் என்பது அதன் தர்க்கம். கவனிக்க: இது கண்ணை மறுக்கும் முறையன்று. கண் முதலில் வடிகட்டித் தந்த பட்டியலுக்குள் மட்டும் வேலை செய்யும் முறை.

இதற்குச் சாதகமாகப் பல பெயர்கள் சொல்லலாம். கல்லூரியில் 13 ஆட்டங்களே தொடங்கிய மிட்செல் ட்ருபிஸ்கியை 2017-இல் சிகாகோ இரண்டாமிடத்தில் எடுத்து ஏமாந்தது. 2021-இல் ஏறத்தாழ ஒரே ஒரு முழுப் பருவ அனுபவம் கொண்ட ட்ரே லான்ஸுக்காக சான் ஃபிரான்சிஸ்கோ மூன்று முதல்சுற்று வாய்ப்புகளைக் கொடுத்தது. இரண்டே ஆண்டில் நான்காம் சுற்று வாய்ப்பு ஒன்றுக்கு டல்லஸிடம் விட்டுவிட்டது. மறுபுறம், 55 கல்லூரி ஆட்டங்களோடு வந்த ஜேடன் டேனியல்ஸும் 61 ஆட்டங்களோடு வந்த போ நிக்ஸும் 2024-இல் முதல் பருவத்திலேயே தத்தம் அணிகளை இறுதிச்சுற்றுகளுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆனால் அளவுகோலின் கீழே தரை நகர்ந்துகொண்டிருக்கிறது. கல்லூரிகளில் பரவிய 'ஸ்பிரெட்' ஆட்டமுறை குறும்பந்துகளை மிகுதியாக்கி எல்லாருடைய சதவீதத்தையும் உயர்த்திவிட்டது. வீரர்கள் பல்கலைக்கழகம் மாறுவது எளிதானதிலிருந்து ஐந்தாறு ஆண்டு கல்லூரியில் ஆடுவதும் சாதாரணமாகிவிட்டது. மைதானமேகூட வேறு: கல்லூரித் திடலில் உட்கோடுகளுக்கு இடையே 40 அடி, தொழில்முறைத் திடலில் பதினெட்டரை அடி. பந்து வைக்கப்படும் இடம் மாறுவதால் எறியின் கோணங்களும் தடுப்பாளர்களின் நிற்கும் வரிசையும் மாறுகின்றன. பழைய அளவுகளைக் கொண்டு புதிய மாணவரை நிறுப்பதில் எச்சரிக்கை தேவை. அதோடு, ஜாஷ் ஆலன் என்ற பெரிய விதிவிலக்கு ஒன்று குறுக்கே நிற்கிறது. வயோமிங் பல்கலையில் அவருடைய சதவீதம் வெறும் 56. எண்ணைப் பார்த்தவர்கள் வேண்டாம் என்றார்கள். உடலையும் தோளையும் பார்த்தவர்கள் வேண்டும் என்றார்கள். அவர் 2024 பருவத்தின் மிகச்சிறந்த வீரர் விருதை வென்றார். இந்த ஒரு வழக்கில் பழைய கண் ஜெயித்தது.

யாராலும் சொல்ல முடியாது என்போர்

மூன்றாவது கட்சி கணிப்பின் சாத்தியத்தையே ஐயுறுகிறது. பொருளியலாளர்கள் டேவிட் பெர்ரியும் ராப் சிம்மன்ஸும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, டிராஃப்டில் எடுக்கப்பட்ட இடத்துக்கும் ஓர் ஆட்ட நகர்வுக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட செயல்திறனுக்கும் தொடர்பு மிகக் குறைவு என்றது. முன்னால் எடுக்கப்பட்டவர்கள் அதிகம் சாதித்ததுபோலத் தோன்றுவதற்குக் காரணம், அவர்களுக்கு அதிக வாய்ப்புக் கிடைப்பதே என்பது அவர்கள் வாதம். பெர்ரியின் ஆய்வுகளை ஆதாரமாக வைத்து எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008-இலேயே 'நியூ யார்க்கர்' இதழில், நல்ல ஆசிரியரைப் பணியமர்த்துவதும் நல்ல குவார்ட்டர்பேக்கைத் தேர்வதும் ஒரே வகைச் சிக்கல், வேலையில் இறங்கிப் பார்க்காமல் தெரியாது என்று எழுதியிருந்தார். உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் அதைக் கடுமையாக மறுத்தார்.

பிங்கர் தரப்பின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களில் மைதானத்தையே மிதிக்காமல் போனவர்கள் ஏராளம். 'ஆட்ட நகர்வுக்கு இவ்வளவு' என்ற கணக்கில் அவர்கள் சேரவே மாட்டார்கள். பயிற்சியில் நன்றாகத் தெரிந்த ஒரு சிலரே களத்துக்கு வருவதால், பின்வரிசைத் தேர்வுகளின் சராசரி தானாகவே உயர்ந்துவிடும். வடிகட்டியில் நின்றதை மட்டும் அளந்துவிட்டு ஆற்றுநீர் முழுதும் இப்படித்தான் என்று சொல்வது போன்றது அது.

கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் செய்த ஆய்வு இதைவிட நிதானமானது. எல்லா ஆட்ட இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முந்தியவர் பிந்தியவரைவிடச் சிறப்பாக அமைவதற்கான வாய்ப்பு 52 சதவீதம் என்று அவர்கள் கண்டார்கள். காசு சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் இது அடுத்தடுத்த இருவரைப் பற்றிய கணக்கு. முதல் சுற்றில் எடுத்தவரையும் ஆறாம் சுற்றில் எடுத்தவரையும் ஒப்பிட்டால் படம் வேறாக இருக்கும். அணிகளுக்கு ஒன்றுமே தெரியாது என்று அவர்கள் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும் என்று நினைத்து அதிக விலை கொடுக்கிறார்கள் என்றே சொன்னார்கள். பொதுவெளியில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. 2022-இல் 262-ஆவது ஆளாக, அந்த ஆண்டின் கடைசித் தேர்வாக, சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்த பிராக் பர்டி இரண்டு ஆண்டில் சூப்பர் பௌலில் தொடக்க வீரராக நின்றதை எல்லாம் தற்செயல் என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். கடைசி இடத்தில் எடுக்கப்பட்ட பிற பெயர்களை நினைவுகூரச் சொன்னால் விடை வராது.

உட்காரவைப்பதா, இறக்கிவிடுவதா

எடுத்தாயிற்று, இனி எப்படி வளர்ப்பது? இங்கே இரண்டு பாடசாலைகள். ஒன்று, மூத்தவர் நிழலில் ஓரிரு ஆண்டு உட்காரவை என்கிறது. 2005-இல் 24-ஆவதாக எடுக்கப்பட்ட ஏரன் ரோட்ஜர்ஸ், கிரீன் பே அணியில் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று ஆண்டு காத்திருந்தார். அதே அணியில் ரோட்ஜர்ஸுக்குப் பின்னால் ஜோர்டன் லவ் மூன்று ஆண்டு காத்திருந்தார். பேட்ரிக் மஹோம்ஸ் 2017-இல் ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். மறு ஆண்டு 50 டச்டவுன் எறிந்தார். மற்றப் பாடசாலை, நீச்சல் கற்கத் தண்ணீரில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்கிறது. மானிங் அப்படித்தான் கற்றார். 1989-இல் டல்லஸின் டிராய் ஐக்மன் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் தோற்றார்; பின்னர் மூன்று சூப்பர் பௌல்களை வென்றார்.

இரு பட்டியல்களையும் எவ்வளவு நீட்டினாலும் வழக்கு தீராது என்பதே என் கருத்து. உட்காரவைக்கும் வசதி நல்ல அணிகளுக்கே உண்டு. மஹோம்ஸை எடுத்த கான்ஸஸ் சிட்டி அதற்கு முந்தைய ஆண்டு 12 ஆட்டம் வென்ற அணி. 27-ஆவது இடத்திலிருந்து வாய்ப்புகளைக் கைமாற்றிப் பத்தாம் இடத்துக்கு ஏறி அவரைப் பிடித்தது. முதலிடத்தில் தேர்வு செய்யும் அணியிடம் நிழல் தர ஒரு மூத்த மரம் இருந்திருந்தால் அது முதலிடத்துக்கே வந்திருக்காது. ஆக, காத்திருப்பின் பலன் என்று நாம் எண்ணுவதில் நல்ல அணியின் பலன் எவ்வளவு என்பதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

'உட்கார்ந்திருத்தல்' என்ற சொல்லின் பொருளும் தேய்ந்துவிட்டது. 2011-இல் வீரர் சங்கத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தம், பருவ நாட்களில் முழுக் கவசம் அணிந்த பயிற்சிகளை 14 ஆகக் குறைத்தது. ஒரே நாளில் இரு கடும்பயிற்சி என்ற வழக்கமும் ஒழிந்தது. உடல்நலத்துக்கு நல்ல முடிவுதான். ஆனால் இருக்கும் சொற்பப் பயிற்சியின் பெரும்பகுதியைத் தொடக்க வீரரே எடுத்துக்கொள்கிறார். இரண்டாமவர் பார்க்கிறார், குறிப்பெடுக்கிறார். ஆடிப் பழக இருந்த என்.எஃப்.எல். ஐரோப்பா லீக்கும் 2007-இல் மூடப்பட்டது. மளிகைக்கடையில் சாமான் அடுக்கிய கர்ட் வார்னர் ஆம்ஸ்டர்டாமில் ஆடித் தேறி, 1999 பருவத்தின் சூப்பர் பௌலை வென்ற கதை இன்று அதே வழியில் நிகழ முடியாது.

விதையா, மண்ணா

டிராஃப்ட் பிழைகளை வளர்ப்புப் பிழைகளாகப் படிக்கும் கட்சிக்கு 2005-ஐவிட நல்ல வழக்கு கிடையாது. அந்த ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ முதலிடத்தில் எடுத்தது அலெக்ஸ் ஸ்மித்தை. ரோட்ஜர்ஸ் 24-ஆம் இடம்வரை காத்துக்கிடந்தார். ஸ்மித் முதல் பருவத்தில் 1 டச்டவுன் எறிந்து 11 முறை பறிகொடுத்தார். ஆட்டத்தை வகுத்துத் தரும் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் 2005 முதல் 2009 வரை ஆண்டுக்கு ஒருவராக மாறினார். ஐந்து பருவம், ஐந்து ஆசான், ஐந்து கலைச்சொல் அகராதி. குவார்ட்டர்பேக்குக்கு இது சின்ன விஷயமன்று. தலைக்கவச வானொலியில் வரும் நீண்ட ஆட்டக்கட்டளையைக் கேட்டு, மனத்தில் படமாக்கி, சகாக்களுக்குச் சொல்லி, எதிரணி நிற்கும் முறையைப் படித்து மாற்றவும் வேண்டும். இதெல்லாம் 40 விநாடிக் கடிகாரத்துக்குள். ஒவ்வோர் ஆண்டும் மொழி மாறினால் சிந்தனை கண்ணுக்கும் கைக்கும் இறங்குவதே இல்லை.

முதல் ஒருங்கிணைப்பாளர் மைக் மெக்கார்த்தி. ரோட்ஜர்ஸை விட்டு ஸ்மித்தைத் தேர்ந்த அணியில் இருந்த அவரே 2006-இல் கிரீன் பேயின் தலைமைப் பயிற்சியாளராகப் போய், அங்கே ரோட்ஜர்ஸை வளர்த்தார். ஸ்மித்தோ 2011-இல் ஜிம் ஹார்பா வந்ததும் வேறு ஆளாகிப் பருவம் முழுவதும் 5 முறையே பறிகொடுத்தார். அணி 13 ஆட்டம் வென்றது. பிறகு கான்ஸஸ் சிட்டிக்குப் போனார். 2017-இல் மஹோம்ஸ் யார் பின்னால் உட்கார்ந்தாரோ அந்த மூத்தவர் ஸ்மித்தான்.

ரோட்ஜர்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் ஸ்மித் கிரீன் பேக்கும் போயிருந்தால் வாழ்க்கை தலைகீழாகியிருக்குமா? மண் கட்சி ஆம் என்று சொல்லத் துடிக்கும். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். நல்ல மண்ணிலும் ஸ்மித் கவனமான, திறமையான ஆட்டக்காரராகவே விளங்கினார். ரோட்ஜர்ஸின் எறி அவருக்கு எங்குமே வாய்க்கவில்லை. மண் தரையை உயர்த்தியது; கூரையைத் தொட்டதற்கு அறிகுறி இல்லை.

ஆலன் விஷயத்தில் கூரையும் உயர்ந்தது போலிருக்கிறது. பஃபலோவில் அவருடைய சதவீதம் 2018-இல் 52.8, அடுத்து 58.8, 2020-இல் 69.2. அந்த மூன்று ஆண்டும் ஒருங்கிணைப்பாளர் ஒருவரே, பிரையன் டேபல். ஓய்வுக்காலத்தில் தனிப்பயிற்சியாளரிடம் எறியும் அசைவைச் செப்பனிட்டார். 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற உயர்ந்த பந்துபிடிப்பாளரும் வந்து சேர்ந்தார். எது காரணம் என்று கேட்டால், மூன்றும் ஒன்றாக வந்துவிட்டன என்பதே நேர்மையான பதில். எதிர்முனையில் டேவிட் கார் இருக்கிறார்: 2002-இல் புதிய ஹூஸ்டன் அணியின் முதல் தேர்வு; காவல் வரிசை இல்லாத அணியில் அந்தப் பருவம் 76 முறை பந்தோடு தரையில் வீழ்த்தப்பட்டார். அந்த எண்ணிக்கையை இன்னும் யாரும் எட்டவில்லை.

பணம் பொறுமையைச் சுருக்கியது

2010-இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். மறு ஆண்டு புதிய சம்பளவிதி வந்தது. முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம். மலிவான இளம் குவார்ட்டர்பேக் கிடைத்த அந்த நான்கைந்து ஆண்டுகளுக்குள் மிச்சப் பணத்தில் அணியைக் கட்டிக் கோப்பையை வெல்லவேண்டும் என்பது புதுக்கணக்கு. கடிகாரம் ஓடத்தொடங்கியது. தவறினாலும் இழப்புக் குறைவு என்பதால் கைவிடுவதும் எளிதாயிற்று. அரிசோனா 2018-இல் ஜாஷ் ரோஸனைப் பத்தாம் இடத்தில் எடுத்தது. ஒரே பருவத்தில் பயிற்சியாளரை நீக்கி, புதியவருக்குப் பிடித்த கைலர் மரேவை எடுத்து, ரோஸனை மயாமிக்குத் தள்ளியது.

திறந்தே இருப்பவை

அந்த 2018 வகுப்பு எல்லாக் கட்சிகளுக்கும் சங்கடம் தருவது. ஐந்து பேர் முதல் சுற்றில் போனார்கள். ஆலனும் 32-ஆவதாகப் போன ஜாக்சனும் லீக்கின் உச்சிக்கு ஏறினார்கள். முதல் தேர்வு பேக்கர் மேஃபீல்டையும் மூன்றாம் தேர்வு சாம் டார்னால்டையும் எடுத்த அணிகள் சலித்துக் கைவிட்டன. மேஃபீல்ட் நான்காவது அணியான டேம்பா பேயில் 2024-இல் 41 டச்டவுன் எறிந்தார். அதே ஆண்டு டார்னால்ட் நான்காவது அணியான மினசோட்டாவில் 35 எறிந்து 14 வெற்றிகளைத் தேடித்தந்தார். அதுவும் அந்த அணி எடுத்திருந்த புதுமுகம் காயமடைந்ததால் கிடைத்த இடம். ரோஸன் மட்டும் எங்கும் வேரூன்றவில்லை. எந்த ஆண்டில் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த வகுப்பின் மதிப்பெண் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கணிப்பு ஆய்வுகளில் பல, வீரரின் முதல் நான்கைந்து ஆண்டுகளை வைத்தே தேறினார், தேறவில்லை என்று முத்திரை குத்துகின்றன.

இடம்மாறித் தழைத்தவர்களை இயற்கையே நடத்திய சோதனையாகக் கொள்ளலாமா? ஓரளவுக்கு. ஆள் ஒருவர், வீடு இரண்டு. ஆனால் இரண்டாம் வீட்டுக்குள் நுழையும்போது அவருக்கு வயது ஆறேழு கூடியிருக்கிறது; பட்ட அடிகளிலிருந்து கற்றிருக்கிறார்; தவிர, வாழவே மாட்டார் என்று தோன்றியவர்களுக்கு இரண்டாம் வீடு கிடைப்பதில்லை. பெர்ரியின் கணக்கில் இருந்த வடிகட்டிச் சிக்கல் இங்கேயும் வேறு வடிவில் வருகிறது.

மூன்று விநாடிக்குள் ஒருவர் எதைப் பார்க்கிறார் என்பதை அளக்கும் கருவியும் இன்னும் கைவரவில்லை. வொண்டர்லிக் அதை அளக்கவில்லை. அதற்குப் பதிலாக வந்திருக்கும் கணினித் தேர்வுகளின் பயன் பொதுவெளியில் நிறுவப்படவில்லை. தோள்கவசத்துச் சில்லுகள் வீரர் எங்கே ஓடினார் என்று விநாடிக்குப் பத்துமுறை சொல்கின்றன. கண் எங்கே போனது என்று சொல்வதில்லை. பயிற்சியாளர் மாறாமல் இருப்பதன் மதிப்பைத் தனியே எடைபோடுவதும் கடினம்: வெல்லும் அணிகள்தான் பயிற்சியாளரை மாற்றாமல் வைத்திருக்கின்றன, அவற்றில் பலவும் வெல்வதற்குக் காரணம் குவார்ட்டர்பேக். 2024-இல் முதல் தேர்வான கேலப் வில்லியம்ஸ் சிகாகோவில் 68 முறை வீழ்த்தப்பட்டார். பருவம் முடியுமுன்னே ஒருங்கிணைப்பாளரும் தலைமைப் பயிற்சியாளரும் நீக்கப்பட்டார்கள். 2025-இல் புதிய பயிற்சியாளர் பென் ஜான்சன் வந்தார். அதே டிராஃப்டின் முதல் 12 இடங்களில் எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக்குகள் மொத்தம் ஆறு பேர். ஆறு அணிகள் அவர்களை ஆறு விதமாக வளர்த்துக்கொண்டிருக்கின்றன.